நான்காவது காலுக்கு ஒரு கோப்பு

எங்கள் அலுவலக ஊழியர்கள் அனைவருக்கும் 'மேக் டூ' என்னும் ஆங்கில வினைச்சொல்லைக் கற்றுக்கொடுப்பது என்று தலைமை அலுவலகம் முடிவெடுத்தது. அதற்கான சுற்றறிக்கை ஒரு திங்கட்கிழமை காலை வந்தது. வழவழப்பான தடித்த தாள், நான்கு வண்ணம். தபால்களைப் பிரித்துப் பதிவது என் வேலை என்பதால் முதலில் படித்தவள் நான்தான்.

'இருக்கும் குறைந்த வசதியைக் கொண்டு காரியத்தை நடத்திக்கொள்ளுதல் எனப் பொருள்படும் மேற்படி வினைச்சொல்லை ஊழியர்கள் அறியாதிருப்பதாலேயே, அவர்கள் அடிக்கடி மேசை, நாற்காலி, மின்விசிறி முதலியவற்றைக் கேட்டு எழுதும் நிலை ஏற்படுவதாகக் கண்டறியப்பட்டுள்ளது. எனவே செவ்வாய் முதல் வியாழன் வரை பயிற்சி.'

கண்காணிப்பாளர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நல்ல விஷயம். நமக்கு இது ரொம்ப நாளாவே தேவைப்பட்டது" என்றார்.

எங்கள் பிரிவு தொழில் உரிமப் பிரிவு. கடை, பட்டறை எது திறப்பதானாலும் எங்களிடம் உரிமம் வாங்க வேண்டும். பிரிவில் மொத்தம் மூன்று பேர். கண்காணிப்பாளர், மனுக்களை வாங்கும் கவுண்டர் அக்கா, நான். நான் தற்காலிக எழுத்தர். வேலையை நிரந்தரமாக்கக் கோரி எட்டு மாதத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். கேட்டால் கண்காணிப்பாளர், "போய்க்கிட்டே இருக்கும்மா" என்பார். எங்கே போகிறது என்று கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை.

கவுண்டர் அக்காவின் நாற்காலிக்கு இடதுபக்கப் பின்கால் அடியில் நான்கு விரற்கடை அளவுக்கு உடைந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. உடைந்த அன்றே புது நாற்காலி கேட்டு எழுதினோம். அது வரும்வரை தற்காலிக ஏற்பாடாக அந்தக் காலுக்கு அடியில் ஒரு கோப்பைக் கொடுத்திருந்தோம்.

செங்கல் வைக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்களுக்கும் தோன்றியது. செங்கல் கட்டுமானப் பொருள். அதை அலுவலகத்துக்குள் கொண்டுவரப் பொதுப்பணிப் பிரிவின் அனுமதி தேவை. வேலை முடிந்த பழைய கோப்பை வைக்கலாமே என்றால், முடிந்த கோப்பை அறையில் வைத்திருக்கக் கூடாது, பதிவறைக்கு அனுப்பிவிட வேண்டும். முடியாத கோப்பு மட்டுமே அறையில் இருக்கலாம். முடியாத கோப்புகளில் சரியாக நான்கு விரற்கடை பருமனுள்ளது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஒரு தச்சருடையது.

நாற்காலி செய்யும் பட்டறை திறக்க உரிமம் கேட்டிருந்தார் அந்தத் தச்சர். முதலில் கொடுத்தது ஒல்லியான மனுதான். அவர் வரும்போதெல்லாம் நாங்கள் இன்னொரு சான்று கேட்போம். அவரும் முகம் சுளிக்காமல் கொண்டுவருவார். இப்படி விண்ணப்பதாரரின் முழு ஒத்துழைப்போடு அந்தக் கோப்பு வளர்ந்து, கால் உடைந்த நாளன்று நான்கு விரற்கடையில் வந்து நின்றது. அதற்குப் பிறகு அவரிடம் நாங்கள் ஒரு தாளும் கேட்கவில்லை. கூடுதலாக ஒரு தாள் சேர்ந்தாலும் அக்கா வலதுபக்கம் சாய்ந்துவிடுவார்.

"இன்னும் ஏதாவது தரணுமாங்க?" என்று தச்சர் கேட்பார்.

"வேண்டாம், எல்லாம் சரியா இருக்கு" என்பார் கண்காணிப்பாளர். "இம்மி பிசகாம இருக்கு."

"அப்ப உரிமம்?"

"நாற்காலி வரட்டும்."

அந்த நாற்காலியில் உட்காருவதற்கு ஒரு முறை இருந்தது. அக்கா எழுவதற்கு முன் "எந்திரிக்கிறேன்" என்று சொல்வார். நான் ஓடிப்போய் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொள்வேன். இல்லாவிட்டால் கோப்பு நழுவிவிடும். திரும்பி வந்ததும் "உக்கார்றேன்" என்பார். மறுபடி பிடிப்பேன். நாளைக்கு முப்பது தடவையாவது இது நடக்கும். மனுக் கொடுக்க வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, அக்காவை யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கண்காணிப்பாளரைக் கும்பிடுவதில்லை. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

சுற்றறிக்கை வந்த அன்று தச்சரும் வந்திருந்தார். இந்த முறை அவர் முகம் சரியில்லை.

"சார், பட்டறைக்கு ஒரு ஷெட் பிடிச்சு வச்சிருக்கேன். சனிக்கிழமையோட மாசம் முடியுது. அதுக்குள்ள உரிமத்தைக் காட்டலைன்னா வேற ஆளுக்குக் கொடுத்திடுவேன்னு சொல்லிட்டார் ஷெட்காரர்."

"கவலையே படாதீங்க" என்றார் கண்காணிப்பாளர். "புது நாற்காலிக்கு உத்தரவு ஆயிடுச்சு. வெள்ளிக்கிழமை வருது. அது உள்ளே வந்த அடுத்த நிமிஷம் உங்க ஃபைல் வெளியே வருது. நான் கையெழுத்துப் போடறேன்."

தச்சர் குனிந்து கவுண்டருக்கு அடியில் பார்த்தார். "சார், நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. அஞ்சு நிமிஷ வேலை. ஒரு துண்டுக் கட்டை, ரெண்டு திருகாணி. நானே சரி பண்ணிக் கொடுத்திடறேன். காசு கூட வேண்டாம்."

"உரிமம் இல்லாத தச்சர் அலுவலகப் பொருளைத் தொடக்கூடாது."

"அந்த உரிமத்துக்குத்தானே சார் நான் அலையறேன்?"

"அதனாலதான் நானும் சொல்றேன்."

இதில் தவறு எங்கே இருக்கிறது என்று தச்சர் கொஞ்ச நேரம் யோசித்தார். கண்டுபிடிக்க முடியாமல் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை 'மேக் டூ பயிற்சியின் பொருட்டு அலுவலகம் மூன்று நாள் இயங்காது' என்று கதவில் ஒட்டிவிட்டுப் பயிற்சிக்குப் போனோம். அது நகரத்திலேயே பெரிய விடுதியின் குளிரூட்டிய கூடம். வாசலில் ஒவ்வொருவருக்கும் ஒரு தோல் பை கொடுத்தார்கள். பை மேல் 'மேக் டூ' என்று பொன்னிறத்தில் அச்சிட்டிருந்தது. உள்ளே மூன்று பேனா, இரண்டு நோட்டு, ஒரு தண்ணீர்க் குடுவை. எங்கள் பிரிவில் மூவருக்கும் சேர்த்து ஒரே பேனாதான். அக்கா எழுதும்போது கண்காணிப்பாளர் சிந்திப்பார்.

பயிற்சியாளர் கோட்டு போட்ட இளைஞர். ஒரே இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே பேசினார்.

"மேக் டூ! எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க!"

சொன்னோம்.

"இன்னும் சத்தமா! உங்க மேலதிகாரிக்குக் கேக்கணும்!"

மேலதிகாரிகள் முதல் வரிசையிலேயே இருந்தார்கள். அவர்களுக்குக் கேட்டது.

"இந்த வார்த்தைக்கு நம்ம மொழியில சரியான வார்த்தையே கிடையாது. ஏன்னு தெரியுமா? அந்த மனப்பான்மையே நம்மகிட்ட கிடையாது. எதுக்கெடுத்தாலும் இது இல்லை, அது இல்லை! வெளிநாட்டுல பாருங்க, இருக்கிறதை வச்சு நடத்திக்கிறான். அவன்கிட்ட வார்த்தை இருக்கு. அதனால வசதி தேவைப்படறதில்லை."

கவுண்டர் அக்கா என் காதருகே, "ஒப்பேத்துறதுன்னு சொல்றோமே, அது என்னவாம்?" என்றார். அவருடைய காதோரப் பேச்சு எப்போதும் நாலு வரிசைக்குக் கேட்கும்.

பயிற்சியாளர் புன்னகைத்தார். "நல்ல கேள்வி மேடம். ஆனா ஒப்பேத்துறது வேற. அது வேற வழியில்லாம செய்றது. மேக் டூ, மனசு நிறைஞ்சு செய்றது."

"செய்யற வேலை ஒண்ணுதானே தம்பி?"

"வேலை ஒண்ணுதான். புகார் இருக்காது."

அக்கா பதினைந்தே நிமிடத்தில் தூங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாற்காலி முழுக்கப் பஞ்சு வைத்தது. பதினோரு மாதத்தில் முதல் முறையாக அவர் இரண்டு பக்கமும் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எழும்போது மட்டும் பழக்க தோஷத்தில் "எந்திரிக்கிறேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டார். நானும் குதித்துப் போய்ப் பிடித்துவிட்டேன். கூடமே திரும்பிப் பார்த்தது.

இரண்டாம் நாள், வினைச்சொல்லின் வரலாறு. மூன்றாம் நாள் தேர்வு. ஒவ்வொருவரும் எழுந்து, தம் வேலையிலிருந்து ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். எங்கள் கண்காணிப்பாளர் எழுந்து, "ஐ மேக் டூ. யூ மேக் டூ. ஹீ மேக்ஸ் டூ" என்று கூறி அமர்ந்தார். பலத்த கைத்தட்டல். என் முறை வந்தபோது குரல் எழும்பவில்லை. சொற்களே இல்லாமல் சமாளித்ததாகக் கருதி எனக்கு முழு மதிப்பெண் கொடுத்தார்கள்.

அடுத்து அக்கா. "எங்க நாற்காலிக்கு ஒரு கால் பாதி இல்லைங்க. ஒரு தச்சரோட ஃபைலை அடியில கொடுத்து உக்காந்திருக்கேன். இப்படிச் சொன்னாலாவது சீக்கிரம் ஒரு நாற்காலி அனுப்புவீங்கன்னுதான் சொல்றேன்."

பயிற்சியாளர் நடப்பதை நிறுத்தினார். மூன்று நாளில் அதுதான் முதல் முறை. "என்ன சொன்னீங்க? ஃபைலையா? அதுவும் பதினோரு மாசமாவா?" அவர் கண்கள் கலங்கிவிட்டன. "மேடம், நான் பதினாலு நாட்டுல வகுப்பு எடுத்திருக்கேன். இந்த மாதிரி ஒரு மேக் டூவை நான் பார்த்ததே இல்லை!"

முதல் வரிசையில் இருந்த இயக்குநர் திரும்பி அக்காவைப் பார்த்தார். அவருடைய உதவியாளர் ஏதோ குறித்துக்கொண்டார்.

மாலையில் வாசலில் தோல் பைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இதுதான் செய்முறைப் பயிற்சியாம்.

வெள்ளிக்கிழமை காலை தச்சர் எங்களுக்கு முன்பே வந்து படியில் காத்திருந்தார். தலை வாரி, சலவைச் சட்டை போட்டிருந்தார். ஷெட் சாவியைக்கூட ஒரு கயிற்றில் கோத்துக் கையில் வைத்திருந்தார். முன்பணம் கொடுத்திருந்ததால் ஷெட்காரர் ஒரு வாரத்துக்கு அவரிடம் விட்டுவைத்த சாவி.

"நாற்காலி வந்திடுச்சாம்மா?" என்றார் என்னிடம்.

நாற்காலி வரவில்லை. கடிதம் வந்திருந்தது. பதிவதற்காகப் பிரித்தேன். 'தங்கள் பிரிவு மேக் டூவில் முதலிடம் பெற்றுத் தேர்ந்துள்ளமையால், நாற்காலிக்கான தேவை தானாகவே நீங்கியதாகக் கருதப்பட்டு, மேற்படி நாற்காலி, தேர்ச்சி பெறாத வேறொரு பிரிவுக்கு அனுப்பப்படுகிறது. இயக்குநர் இன்று தங்கள் நாற்காலியை நேரில் பார்வையிடுவார்.'

தச்சருக்கு நான் பதில் சொல்வதற்குள் வாசலில் கார் நின்றது.

இயக்குநர், உதவியாளர், பயிற்சியாளர், படம் எடுக்கிறவர் எல்லாரும் உள்ளே வந்தார்கள். கவுண்டருக்கு இந்தப்பக்கம் இடம் போதவில்லை. இயக்குநர் மண்டியிட்டு, நாற்காலிக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தார். அக்கா காலை இழுத்துக்கொண்டார்.

"அற்புதம்" என்றது அடியிலிருந்து குரல். "ஆடவே இல்லையே!"

"பொருத்தமான ஃபைல் சார்" என்றார் கண்காணிப்பாளர். "நாங்களே வளர்த்தது."

தச்சர் கவுண்டருக்கு வெளியே நின்றபடி, "ஐயா, அது என் ஃபைலுங்க" என்றார்.

இயக்குநர் வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "நீங்களா அது!" என்று தச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். படம் எடுத்தார்கள். "உங்க பங்களிப்பை நாங்க மறக்க மாட்டோம்."

"மறந்தாலும் பரவாயில்லைங்க ஐயா, அதை எடுத்துக் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திடச் சொல்லுங்க. நாளையோட ஷெட் போயிடும்."

"எடுக்கிறதா? இது இனிமேல் முன்மாதிரி. எல்லாக் கிளையிலேருந்தும் வந்து பார்க்கப் போறாங்க. ஃபைலை எடுத்தா வெறும் உடைஞ்ச நாற்காலிதானே?"

அப்போது அக்கா, "எந்திரிக்கிறேன்" என்றார்.

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் எழுந்தேன்.

"எதுக்கும்மா எந்திரிக்கிறே?" என்றார் கண்காணிப்பாளர் அக்காவிடம்.

"நான் நின்னுக்கிட்டே வேலை பார்க்கிறேன் சார். நாலு நாள் இல்லை, நாலு வருஷமானாலும் நின்னுக்கறேன். ஃபைலை எடுத்து அந்த மனுஷனுக்குக் கையெழுத்தைப் போடுங்க."

"கூடாது, கூடாது" என்றார் இயக்குநர். "நீங்க உக்காந்திருந்தாத்தான் அதுக்கு அர்த்தம்." பிறகு பாதி வழியில் நின்ற என்னைப் பார்த்தார். "இவங்க யாரு?"

"தற்காலிகம் சார்" என்றார் கண்காணிப்பாளர். "நிரந்தரத்துக்கு மனுப் போட்டிருக்காங்க."

அதைக் கேட்டதும் என் கால் நகரவில்லை. அக்கா இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாக, "எந்திரிக்கிறேன்" என்றார். பிடிக்க ஆள் வராததால் எழாமலே இருந்துவிட்டார்.

தச்சருக்கு அங்கேயே ஒரு பாராட்டுப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டது. எழுதியவள் நான். அவர் அதை இரு கையாலும் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்தார்.

"இதைக் காட்டிப் பட்டறை திறக்கலாமுங்களா?"

"திறக்க முடியாது" என்றார் கண்காணிப்பாளர். "மாட்டிக்கலாம்."

"எங்கே மாட்டறது சார்? பட்டறையிலதானே மாட்டணும்?"

"மேக் டூ" என்றார் கண்காணிப்பாளர், மிகுந்த கனிவோடு.

சனிக்கிழமை மாலை அந்த ஷெட்டை ஓர் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நிலையத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். வாசலில் 'மேக் டூ இங்கே கற்றுத் தரப்படும்' என்று பெரிய எழுத்தில் பலகை தொங்கியது. அப்போது ஊரெங்கும் அதுதான் பேச்சு. பேருந்தில் இடமில்லை என்றால் நடத்துநர் மேக் டூ என்றார். மருந்துக்கடையில் கேட்ட மாத்திரை இல்லை என்றால் வேறொன்றைக் கொடுத்து மேக் டூ என்றார்கள். அக்கா வீட்டில் குழாய் ஒழுகியது. "ஆளைக் கூப்பிடுங்கன்னா எங்க வீட்டுக்காரர் வாளியை வச்சிட்டு மேக் டூங்கறார். முன்னெல்லாம் இவரைச் சோம்பேறின்னு ஒரே வார்த்தையில திட்டலாம். இப்ப அதுக்கும் வழியில்லை" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என்னிடம் அவர் "எந்திரிக்கிறேன்" என்று சொல்வதில்லை. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஐந்து மணிக்குத்தான் எழுவார்.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. எல்லாக் கிளைகளிலும் எல்லா நாற்காலிகளும் முன்மாதிரியின்படி ஒரே சீராக அமைய வேண்டும். இதில் சிறு நடைமுறைச் சிக்கல் இருந்தது. மற்ற நாற்காலிகள் பெரும்பாலும் நல்ல நிலையில் இருந்தன. எனவே ஒவ்வொன்றிலும் இடதுபக்கப் பின்காலை நான்கு விரற்கடை அறுத்துவிடுவது என்றும், அந்த இடத்தில் நிலுவைக் கோப்பு ஒன்றை வைப்பது என்றும் தீர்மானமாயிற்று.

அறுக்க ஆள் வேண்டும். கண்காணிப்பாளர் தச்சரைக் கூப்பிட்டனுப்பினார்.

"எனக்குத்தான் உரிமம் இல்லையே சார்?"

"நாற்காலி செய்யறதுக்குத்தான் உரிமம் வேணும். விதியைப் புரட்டிப் பார்த்திட்டேன். அறுக்கிறதுக்கு எதுவும் வேண்டாம்."

தச்சர் ரம்பத்தோடு வந்தார். வீட்டில் அரிசி வாங்க வேண்டுமே.

கோப்புகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. கண்காணிப்பாளர் தம் அலமாரியைத் திறந்து மூட்டை மூட்டையாக எடுத்துப் போட்டார். எனக்கு ஓர் அளவுகோல் கொடுத்தார். நான்கு விரற்கடை உள்ளவை ஒரு பக்கம், குறைந்தவை ஒரு பக்கம். குறைந்தவற்றின் மனுதாரர்களுக்குக் கூடுதல் சான்று கேட்டுக் கடிதம் போட்டேன். மேலுறையில் யார் பெயர், என்ன கோரிக்கை என்று நான் படிக்கவில்லை. படித்தால் வேலை ஓடாது. முதுகை மட்டும் அளந்தேன். நேர்த்தியாகச் செய்வதாகக் கண்காணிப்பாளர் பாராட்டினார்.

கடைசியாக என் நாற்காலி. தச்சர் அதைக் கவிழ்த்து, காலில் பென்சிலால் கோடு போட்டு அறுத்தார். நல்ல தேக்கு. வாசனை அறை முழுக்க வந்தது. அறுத்த துண்டைக் கையில் வைத்து ஒரு நொடி பார்த்துவிட்டுச் சாக்கில் போட்டார். பிறகு அடுக்கிலிருந்து ஒரு கோப்பை எடுத்து, அறுத்த காலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"சொல்லி வச்ச மாதிரி இருக்கே" என்றார். "இது யாரோட ஃபைலும்மா? இங்கிலீஷ்ல எழுதியிருக்கு, எனக்குப் படிக்க வரலை."

வாங்கிப் பார்த்தேன். மேலே என் பெயர் இருந்தது. என் மனு ஒரே தாள்தான். மீதியெல்லாம் ஒன்பது மாதமாக அதன்மேல் கேட்கப்பட்ட விளக்கங்களும், அவை குறித்து மேலும் கேட்கப்பட்ட விளக்கங்களும்.

கண்காணிப்பாளர் தலை நிமிராமல் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அக்கா தன் நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்தார்.

"யாரோ ஒரு தற்காலிகம்" என்றேன்.

"பாவம்" என்றார் தச்சர். கோப்பை வாங்கிக் காலுக்கு அடியில் செருகி, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். "உக்காந்து பாரும்மா. ஆடுதா?"

"உக்கார்றேன்" என்றேன்.

அக்கா எழுந்து வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். உட்கார்ந்தேன். கொஞ்சமும் ஆடவில்லை.